முள்ளில்லாத புல்

"என்னை எரிக்காதே, லவோன். அறுபத்து மூணு வருஷமா இந்த வெயில்ல வெந்தது போதும்."

"சரி, புதைச்சிடறேன். பேசாம ஏணியைப் பிடி."

"பெட்டிக்குள்ள போட்டு மூடினா எனக்கு மூச்சு முட்டும்னு உனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரி லிஃப்ட்லயே நான் ஏற மாட்டேன்."

"செத்தவனுக்கு ஏது மூச்சு?"

"எனக்கு முட்டும்."

"அப்ப என்னதான் பண்றது உன்னை? சர்க்கரைப் பாகு ஊத்திப் பாட்டில்ல அடைச்சு வைக்கவா, பழத்தோட பழமா?"

"மண்ணாக்கிடு. அதுக்குச் சட்டம் வந்து ரெண்டு வருஷமாச்சு. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் இருக்காம். மரச்சீவல், வைக்கோல், புல்லு எல்லாம் போட்டு ஒரு பெரிய கலத்துக்குள்ள வைக்கிறாங்க. மூணு மாசத்துல ஒரு பிக்கப் வண்டி நிறைய மண்ணு. அதைக் கொண்டாந்து மரத்துக்குப் போட்டுடு."

"எந்த மரத்துக்கு?"

"எதுவா இருந்தா என்ன. காய்க்கிற மரமா இருக்கணும், அவ்வளவுதான்."

"போட்டா அந்த மரமும் உன்னை மாதிரி ஓயாம பேசிக்கிட்டே இருக்கும். பக்கத்து மரம் தூங்க வேண்டாமா?"

அது செப்டம்பர் மாதம். பீச்சுத் தோட்டத்தில் கடைசி வரிசையின் கடைசிப் பறிப்பு. ஹார்லனுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஏணி ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் முதல் முறையாக அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்ள, லவோன் மேலே ஏறிப் பழம் பறித்தாள். மேலிருந்து பார்த்தபோது அவருடைய சட்டைக் காலருக்குள் கழுத்து மெலிந்துபோய் ஆடியது. அவள் கூடையை நிரப்புவதில் மும்முரமாக இருப்பதுபோல முகத்தை இலைக்குள் வைத்துக்கொண்டாள். பீச்சுப் பழத்தின் சுணை கண்ணில் பட்டுவிட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி இருபதாம் தேதி காலை, ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்ட கட்டிலில், தூக்கத்திலேயே ஹார்லன் போய்விட்டார்.

அன்று மத்தியானத்துக்குள் சமையல் மேடையில் இடமில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் சாவு விழுந்தால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கண்ணாடித் தட்டில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வேகவைத்து வந்துவிடும். தட்டின் அடியில் பெயரெழுதி ஒட்டியிருப்பார்கள், திருப்பிக் கொடுக்க வேண்டுமே. மகள் ஷெல்பி பதினொரு தட்டை எண்ணி அடுக்கிவிட்டு, "அப்பா இருந்திருந்தா நாலைக் காலி பண்ணியிருப்பாரு" என்றாள்.

சாயங்காலம் எமெட் வந்தார். ஹார்லனின் அண்ணன். அறுபத்தெட்டு வயது. பதினாலு மைலுக்கு அப்பால், மேட்டு நிலத்தில், அப்பா விட்டுப்போன நிலத்தில் புல் வளர்த்துக்கொண்டு, நாற்பது மாட்டுடன் தனியாக இருக்கிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்தெட்டு வயதில் ஹார்லன் லவோனைக் கட்டிக்கொண்டு, கீழே அவளுடைய அப்பாவின் பீச்சுத் தோட்டத்துக்கு இறங்கி வந்தபோது அண்ணன் ஒரு வார்த்தை தடுத்துப் பேசவில்லை. கல்யாணத்துக்கு வந்தார், கேக் தின்றார், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவார். கடமான் இறைச்சி கொண்டு வருவார். சமையலறை வாசலில் நின்று தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருப்பார்.

"என்ன எமெட், ஏதாவது விஷயமா?" என்று லவோன் கேட்பாள்.

"ஒண்ணுமில்ல. வாய்க்கால் தண்ணி எப்படி வருதுன்னு பாக்க வந்தேன்."

அவர் வண்டி போனதும் ஹார்லன் சிரிப்பார். "எங்கண்ணன் எதையோ கேக்கத்தான் வரான். கேக்காமலே போயிடறான்."

"நீயே கேளேன், என்ன வேணும்னு."

"கேட்டா சொல்லிடுவான். சொல்லிட்டா நான் பதில் சொல்லணுமே."

அன்றும் எமெட் வாசலில்தான் நின்றார். மலைக்கு அந்தப்புறத்து இடத்துக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்று ஷெல்பி விளக்கிச் சொன்னாள். அப்பா கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போன தாளைக் காட்டினாள். அவர் அதைப் படிக்கவில்லை. விரலால் தம்பியின் கையெழுத்தை மட்டும் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"வீட்டுக்காரங்க புல்லு கொண்டு வரலாமாம் பெரியப்பா, விருப்பப்பட்டா. இல்லேன்னா அவங்களே போட்டுக்குவாங்க."

"புல்லு நான் தரேன்" என்றார் எமெட். கேட்டு முடிப்பதற்குள் சொன்ன மாதிரி இருந்தது. "அடுத்தவன் புல்லுல எதுக்குப் படுக்கணும் அவன்?"

கணவாய்ச் சாலை முழுக்கப் பனி. எமெட்டின் வண்டியில் இரண்டு கட்டுப் புல் தார்ப்பாய் மூடி வந்தது. அங்கே மாரீன் என்ற பெண், நாற்பது வயதிருக்கும், ஆஸ்பத்திரிக்காரர்களின் மெதுவான குரலில் பேசுகிறவள், ஒரு படிவத்தை நீட்டினாள்.

"மருந்து பட்ட புல் இல்லையே, ஐயா?"

எமெட்டுக்கு அந்தக் கேள்வியே கொஞ்சம் அவமானமாக இருந்திருக்க வேண்டும். "என் மாடு திங்கிற புல்லும்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கலத்துக்குள் மரச்சீவலைப் பரப்பி, அதன்மேல் புல்லைப் போட அவரை விட்டார்கள். அவர் கையுறையைக் கழற்றிவிட்டார். அந்தக் குளிரில் வெறும் விரலால் புல்லைக் கோதிக் கோதி, குழந்தைக்குத் தலைவாரி விடுவதுபோல, பிடி பிடியாகப் பரப்பினார். முக்கால் மணி நேரம் ஆனது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அந்தப் புல்லின்மேல் ஹார்லனைப் படுக்க வைத்தபோது, நெடுநாள் கழித்து நல்ல படுக்கை கிடைத்த மனிதர்போல இருந்தார். லவோனுக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

ஏப்ரல் பதிமூன்றாம் தேதி மண் தயாராகிவிட்டது. தோட்டம் முழுக்கப் பூ. இளஞ்சிவப்பு வரிசை வரிசையாக ஆற்றங்கரை வரை இறங்கிப் போயிருந்தது. உறைபனி விழுந்துவிடுமோ என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வாரம். லவோனும் ஷெல்பியும் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மண் கருப்பாக, உதிரியாக இருந்தது. மழைக்குப் பிந்தைய காட்டு வாசனை. லவோன் கையை உள்ளே விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. கையை வெளியே எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மாரீன் தாளை வாசித்தாள். வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. "இந்த மண்ணை விற்கக் கூடாது. இன்னொருத்தரோட மண்ணோட அனுமதியில்லாம கலக்கக் கூடாது. மனுஷங்க சாப்பிடற எதையும் இதுல விளைவிக்கக் கூடாது."

லவோன் நிமிர்ந்தாள். "எதையுமா?"

"ஆமாம்மா, எதையும்."

"எங்க நிலத்துல பீச்சு மரத்தைத் தவிர வேற ஒண்ணும் கிடையாது. வீட்டுச் சுவர் வரைக்கும் மரம். அவர் மரத்துக்குப் போடச் சொன்னாரு."

"ரோஜாச் செடி வைங்களேன். நிறைய பேர் ரோஜாதான் வைக்கிறாங்க."

"அவருக்கு ரோஜான்னாலே தும்மல் வரும்."

மாரீன் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டாள். யோசித்துவிட்டு, வருடா வருடம் பூவையெல்லாம் உதிர்த்துவிட்டால், காய்க்கவே விடாவிட்டால், அந்த மரம் உணவுப் பயிர் ஆகாது, அப்படி ஒரு மரத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். காய்க்கிற மரமா இருக்கணும் என்று சொன்ன மனிதனை, காய்க்கவிடாமல் மலடாக்கிய மரத்தின் கீழ் போடுவதா? லவோன் கையெழுத்துப் போட்டாள். போடும்போதே தான் செய்யப்போவது வேறு என்று அவளுக்குத் தெரியும்.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஷெல்பிக்கும் தெரிந்துவிட்டது. அவள், ஊர்த் தோட்டங்களின் பழத்தைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் பொதுக் கொட்டகையில் மேலாளர். எந்தத் தோட்டத்துப் பழம், என்ன உரம், எந்தத் தண்ணீர் என்று தாள் பார்த்து உள்ளே விடுகிறவளே அவள்தான்.

"அம்மா, வேண்டாம்."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

"நீ சும்மா இருக்கும்போதுதான் எனக்குப் பயமா இருக்கு. ஒவ்வொரு பெட்டியிலயும் நம்ம பேர் ஒட்டியிருக்கு. தெரிஞ்சா இந்த வருஷப் பழத்தை ஒருத்தன் தொட மாட்டான். அதுக்குக் கையெழுத்துப் போட வேண்டியது நான்."

"கடைசி வரிசையில பதினோரு மரம், வெளியில அனுப்பவே வேண்டாம். நானே தின்னுடறேன். நான் மனுஷி இல்லைன்னு எழுதிக்கோ உன் தாள்ல."

"அம்மா!"

"உங்கப்பா ஒரே ஒரு விஷயம் கேட்டாருடி. முப்பத்தஞ்சு வருஷத்துல எங்கிட்ட அந்த மனுஷன் கேட்டதே அது ஒண்ணுதான். காப்பியைக்கூட அவரே போட்டுக்குவாரு."

ஷெல்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவாய் வளைவில் வண்டியைத் திருப்பினாள்.

மண்ணை ஏணிக் கொட்டகையில் பெரிய மரத்தொட்டிக்குள் கொட்டித் தார்ப்பாய் மூடினார்கள். மே மாதம் மெக்சிகோவிலிருந்து வருடந்தோறும் வரும் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் ராமிரோ, பத்தொன்பது வருடமாக வருகிறவன். காலையில் ஏணி எடுக்க வரும்போதெல்லாம் தார்ப்பாய் முன்னால் ஒரு நிமிடம் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து நிற்பான். பிறகு ஏணியைச் சத்தம் வராமல் தூக்கிக்கொண்டு போவான்.

மண்ணைக் கடைசி வரிசைக்கு அள்ளிக்கொண்டு போக லவோனுக்கு யாரும் தேவையில்லை. ஒரு தள்ளுவண்டியும் ஒரு நாள் மத்தியானமும் போதும். ஆனால் அதற்குமுன் ஒன்று செய்ய வேண்டியிருந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் வெளியிலிருந்து வாங்கிய சாணி எருவைக் காய்கறிப் பாத்தியில் போட்டு, தக்காளிச் செடியெல்லாம் சுருண்டு முறுக்கிக்கொண்டு செத்தன. மாடு தின்ற புல்லில் அடித்த களைமருந்து, மாட்டின் வயிற்றையும் தாண்டி, எருவையும் தாண்டி வந்திருந்தது. அன்றிலிருந்து ஹார்லன் எந்த எரு வந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் தந்தாலும், முதலில் காப்பி டப்பாவில் போட்டு மூன்று பயறு ஊன்றிப் பார்ப்பார். பயறு நேராக வந்தால்தான் எரு தோட்டத்துக்குள் போகும். பழகிய கை. லவோன் சமையலறை ஜாடியிலிருந்து புள்ளிப் பயறு எடுத்தாள். தொட்டியிலிருந்து மூன்று டப்பா மண் அள்ளினாள். பாத்தி மண் மூன்று டப்பா, ஒப்புப் பார்க்க. விதையை விரலால் அழுத்தும்போதுதான் அவளுக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது உறைத்தது.

"மன்னிச்சுக்கோ. நீ பண்ணின பழக்கம்தான் இது" என்றாள் டப்பாவிடம்.

ஒரு வாரத்தில், சமையலறை ஜன்னல் மேடையில் வைத்த ஆறு டப்பாவிலும் முளை வந்தது. அந்த முளைகளைப் பார்த்துக்கொண்டு காலைக் காப்பி குடிப்பது அவளுக்கு ஒரு துணையாக இருந்தது. "ராமிரோ ஆளுங்க வந்தாச்சு. காய் ரொம்பப் பிடிச்சிருக்கு, கலைக்கணும்" என்று சேதி சொல்வாள். இரண்டாவது வாரம் காய் கலைப்பு ஆரம்பமானது. கிளைக்குக் கிளை, ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு காயை விட்டு மற்றதையெல்லாம் கிள்ளிப் போட வேண்டும். நல்ல காயையும் கிள்ள வேண்டும். நாள் முழுக்கக் கையைத் தூக்கி வேலை. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் சுணை அரிக்கும். தரை முழுக்கப் பச்சைக் காய் உருளும். சாயங்காலம் பச்சை மிளகாய்க் குழம்பைச் சுடவைத்து, சோள ரொட்டியை அதில் பிய்த்துப் போட்டு, நின்றுகொண்டே தின்பாள். மேசையில் தனியாக உட்கார இன்னும் பழகவில்லை.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாத்தி மண் டப்பாக்களில் இலை உள்ளங்கைபோல விரிந்திருந்தது. மற்ற மூன்றிலும் இலை கரண்டிபோலக் குழிந்து, தண்டு முறுக்கிக்கொண்டு, குருத்து நகம்போலச் சுருண்டிருந்தது.

அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஆனாலும் டப்பாக்களை இடம் மாற்றி வைத்தாள். வெயில் படவில்லையோ. தண்ணீர் அதிகமோ. மறுநாள் இன்னும் சுருண்டிருந்தது.

மாரீனைத் தொலைபேசியில் பிடித்தாள். அவள் சோதனைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். ஈயம் இல்லை. பாதரசம் இல்லை. கிருமி இல்லை. சட்டம் கேட்ட எல்லாம் சரியாக இருந்தது.

"களைமருந்து?"

"அது பட்டியல்ல இல்லைம்மா." மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "எங்க வைக்கோல், மரச்சீவலையெல்லாம் நாங்க தனியா பரிசோதிச்சுத்தான் வாங்கறோம். அன்னிக்கு நீங்க கொண்டு வந்த புல்லு..."

"தெரியும்" என்றாள் லவோன்.

நான்கு நாள் அவள் எமெட்டைக் கூப்பிடவில்லை. என்ன கேட்பது? கேட்டால் எந்தக் குரலில் கேட்பது? ஏணிமேல் நின்று காய் கிள்ளும்போது கை தானாக வேகம் பிடித்து, விட வேண்டிய காயையும் கிள்ளிவிட்டது. சட்டத்தை அவள் ஏமாற்றியிருப்பாள். மகளைக்கூட எதிர்த்திருப்பாள். ஆனால் இந்த மண்ணைத் தோட்டத்தில் போட்டால் மரங்கள் சுருளும். ஹார்லன் கையாலேயே ஹார்லனின் மரத்தைக் கொல்வது போல. அதை அவளால் செய்ய முடியாது. ரோஜாச் செடிகூட அதில் வராது.

ஐந்தாம் நாள் எமெட் தானாக வந்தார். கையில் ஒரு கட்டு ருபார்ப், சிவந்த புளிப்புத் தண்டு, செய்தித்தாளில் சுற்றி. மேட்டு நிலத்தில் அது தாமதமாகத்தான் வரும்.

"இனிப்புப் பை சுடத் தோதா இருக்கும்னு கொண்டாந்தேன்" என்று சொல்லிக்கொண்டே சமையலறை வாசலில் நின்றார். "வாய்க்கால்ல தண்ணி..."

அதற்குமேல் போகவில்லை. அவர் கண் ஜன்னல் மேடையில் நின்றது. லவோன் டப்பாக்களை ஒளித்து வைக்கவில்லை. வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

முப்பத்தைந்து வருடத்தில் முதல் முறையாக எமெட் கேட்காமலே சமையலறைக்குள் வந்தார். குனிந்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒரு இலையை விரல் நுனியால் நிமிர்த்தினார். விட்டதும் அது மறுபடி குழிந்துகொண்டது. ஐம்பது வருடமாகப் புல் வளர்க்கிறவர். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது... அவனா?"

"ஆமா."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஹார்லனின் நாற்காலி. அது அவருக்குத் தெரியவில்லை, அவளும் சொல்லவில்லை.

"கீழ்வயல் புல்லு" என்றார். "முந்தின வருஷத்துக் கட்டு. அந்த வசந்தத்துல முள்செடிக்கு மருந்து அடிச்சேன்."

"மருந்து பட்ட புல்லான்னு அந்தப் பொண்ணு கேட்டா. நான் பக்கத்துலதானே நின்னேன்."

"மாட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டப்பாவிலயே எழுதியிருக்கும். மாடு திங்குது, கன்னு போடுது, பால் தருது. அதை நான் மருந்துன்னே நினைக்கலை."

"எங்க தக்காளி போனப்ப நீங்களும்தானே வந்து பாத்தீங்க? இதே மேடையில இதே மாதிரி ஆறு டப்பா இருந்துச்சு. அந்த மருந்து எங்கேயும் போகாதுன்னு ஹார்லன் உங்ககிட்டதான் சொல்லிப் புலம்பினாரு!"

"பாத்தேன்."

"அப்புறம் எப்படி?" அவள் குரல் உடைந்து கத்தலாக வந்தது. வெளியே காய் கிள்ளிக்கொண்டிருந்த யாரோ பேச்சை நிறுத்தினார்கள். "மேல்வயல்ல உங்களுக்குப் புதுப் புல்லு இல்லையா? கொட்டகை நிறைய இருக்குமே!"

"இருந்துச்சு."

"அதைக் கொண்டு வர்றதுக்கு என்ன?"

எமெட் தொப்பியை முழங்காலில் வைத்து அதையே பார்த்தார். "மேல்வயல்ல முள்ளு, லவோன். எவ்வளவு பிடுங்கினாலும் கட்டுக்குள்ள நாலஞ்சு முள்ளு இருக்கும். மாடு ஒதுக்கிட்டுத் திங்கும். அவனை..." தொப்பியைத் திருப்பி வைத்தார். "அவனை முள்ளு மேல படுக்க வைக்க எனக்கு மனசு வரல. சின்ன வயசுல அவன் வெறுங்காலோடதான் ஓடுவான். நான்தான் உக்காத்தி வச்சு எடுத்து விடுவேன். கீழ்வயல் புல்லுல ஒரு முள்ளு கிடையாது. அதுதான் நல்ல புல்லுன்னு எடுத்தேன். ஏன் முள்ளே இல்லைன்னு யோசிக்கலை. அன்னிக்கு என் மண்டையில ஒண்ணுமே ஓடல."

முக்கால் மணி நேரம் வெறும் விரலால் அவர் புல்லைக் கோதியதை லவோன் நினைத்தாள். தப்பித் தவறி ஒரு முள் இருந்துவிடக் கூடாது என்றுதான் தேடியிருக்கிறார். நான்கு நாளாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் அவள் நின்றாள். திட்டுவதற்கு நல்ல கெட்டவனாக ஒருவன் வேண்டும். எதிரே இருந்ததோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றத் தெரியாமல் அதன் வழியாகவே அழுதுகொண்டிருந்த ஒரு கிழவர்.

காப்பியை ஊற்றி ஒரு கோப்பையை அவர் முன்னால் தள்ளினாள். அவர் குடிக்கவில்லை.

"எங்க இருக்கான்?"

"ஏணிக் கொட்டகையில."

"பாக்கலாமா?"

இருவரும் முற்றத்தைத் தாண்டி நடந்தார்கள். ராமிரோ தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, ஆட்களை ஆற்றோர வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கொட்டகைக்குள் பழைய மரச்சட்டமும் கிரீஸும் கலந்த வாசனை. லவோன் தார்ப்பாயின் ஒரு மூலையை மடித்தாள்.

எமெட் மண்ணைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், இனிமேல் தான் தொட்டது எதுவும் கெட்டுவிடும் என்பதுபோல.

"எவ்வளவு நாள் ஆகும், மருந்து போறதுக்கு?" என்றாள்.

"ரெண்டு வருஷம். மூணு ஆனாலும் ஆகும். வெயிலு பட்டு, ஈரம் பட்டு, கிளறிக் கிளறி விட்டா."

"அதுவரைக்கும் இந்தத் தொட்டியிலயா?"

"ம்."

"தார்ப்பாய்க்கு அடியில. மூச்சு முட்டும்னு சொன்ன மனுஷன்." அவள் மரச்சட்டத்தில் சாய்ந்துகொண்டாள். "அதுக்கப்புறமும் சட்டப்படி இங்க போட முடியாது. நான் திருட்டுத்தனமாப் போடலாம்னு இருந்தேன். ஷெல்பிக்குத் தெரியும். இப்ப அதுவும் இல்ல. எதைத்தான் இது உயிரோட விடும், எமெட்? ஏதாவது ஒண்ணு பச்சையா வருமா இதுல?"

"வரும். அகல இலையைத்தான் அது சுருட்டும். புல்லுக்கு ஒண்ணும்..."

சொல்ல வந்த வாக்கியத்தின் முன்னால் வழுக்கி நின்றவர்போல எமெட் நிறுத்திக்கொண்டார். முகம் கழுத்துவரை சிவந்தது. தொப்பியைத் தலையில் வைத்தார்.

"வரேன். மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

"காலையிலயே காட்டியிருப்பீங்க."

"இல்ல, அந்தக் குழாய் கொஞ்சம்..."

"எமெட்."

அவர் கொட்டகை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெளியே வெயில். அவருக்கு அப்பால் பச்சைக் காய் இறைந்து கிடந்த தரையும், அதற்கப்பால் மேட்டு நிலத்தின் நீலக் கோடும் தெரிந்தன. லவோன் அந்தக் கோட்டைப் பார்த்தாள். பதினாலு மைல். தினமும் காலையில் காப்பியோடு நடந்துபோய்ப் பேச முடியாத தூரம். முப்பத்தைந்து வருடமும் ஹார்லன் அவளுடைய மண்ணில்தான் இருந்தார். அவளுடைய அப்பாவின் மரங்களுக்குத்தான் கவாத்துச் செய்தார், அவளுடைய வாய்க்காலில்தான் தண்ணீர் கட்டினார். அவர் விட்டுவிட்டு வந்த இடத்தில் ஒரு மனிதர் தனியாகப் புல் அறுத்து, தனியாகக் கட்டிக் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் ஒருநாளும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தக் கணக்கைப் பார்த்ததில்லை.

"சொல்லுங்க" என்றாள்.

"வேண்டாம், லவோன்." அவர் திரும்பவில்லை. "அன்னிக்கே கேட்டிருக்கணும். அவன் உயிரோட இருக்கும்போதே. எத்தனை தடவை வந்தேன். இப்ப கேட்டா, இதுக்காகவே அந்தப் புல்லைக் கொண்டு வந்தவன் மாதிரி ஆயிடும். நீ நம்பினாலும் எனக்கே என்மேல நம்பிக்கை வராது."

"நீங்க முள்ளைத்தான் தேடுனீங்க. நான் பாத்தேன்."

அவர் தோள் குலுங்கியது.

"நான் சரின்னு சொல்வேனான்னு எனக்கே தெரியாது" என்றாள் லவோன். "என்னால முடியுமான்னும் தெரியாது. ஆனா ஹார்லனும் பதில் சொல்லப் பயந்துக்கிட்டு உங்களைக் கேக்கவிடாமலே வச்சிருந்தாரு. நானும் அதையே பண்ண மாட்டேன். கேளுங்க."

எமெட் திரும்பினார். தொப்பியை மறுபடி கழற்றினார். இந்தத் தடவை அதன் விளிம்பைச் சுற்றவில்லை, கீழே தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டார். தார்ப்பாய் விலகிய மூலையைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"தம்பியை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார்.